அங்கணத்துக் கக்கூஸ்

எங்கள் வீட்டுக் கக்கூஸைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. அந்த வீட்டில் இருந்தவர்களும் முகம் சுளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதில் ஓர் உயிர் போயிற்று.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் நான் அங்கே மருமகளாக வந்தேன். நாகர்கோவிலை அடுத்து, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஊர். தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, இடையில் ஒரே சுவராக, நீளநீளமாகக் கிடக்கும். தெருவாசலில் ஏறினால் பட்டாசாலை, அதற்கு உள்ளே அரங்கு, அரங்கு வாசலைத் தாண்டினால் அடுக்களை, கடைசியில் கூரையில்லாத அங்கணம். பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் அங்கணத்தில்தான். முன்காலத்தில் அங்கணத்துக்குப் பின்வாசல் ஒன்று இருந்ததாம். மாமாவும் அவர் தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது பின்பக்கத்து நெல் களம் தம்பிக்குப் போயிற்று. அவர் முதல் வேலையாக அந்த வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டார். அன்றிலிருந்து அங்கணத்துக்கு வீட்டின் நடுவே புகுந்து போவதைத் தவிர வேறு வழி இல்லை. எல்லாக் கேடும் இதில்தான் தொடங்கியது.

அரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சம் புகாத உள்ளறை அது. நெல்லும் பித்தளைப் பாத்திரங்களும் அங்கே இருக்கும், கன்னியும் அங்கே இருப்பாள். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டிலேயே தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த வீட்டுக் கன்னி மாமாவின் அப்பாவோடு பிறந்தவள், வைசூரியில் போன சிறுமி. ஓர் ஓலைப்பெட்டியில் அவளுக்குப் பட்டுப் பாவாடையும் கண்ணாடி வளையலும் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். தீட்டோடு யாரும் அந்த வாசலைக் கடக்கக் கூடாது. கடந்தால் கன்னி கோபித்துக்கொள்வாள், வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள்.

என் நாத்தனாரை நான் மைனி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சுவாதீனமில்லாமல் போய்விட்டன. தரையில் உட்கார்ந்தபடி கையை ஊன்றி ஊன்றி நகர்வாள். நகர்ந்துகொண்டே அடுக்களையில் பாதி வேலையை முடித்துவிடுவாள். வாய்த்துடுக்கு கொஞ்சநஞ்சமல்ல. நான் வந்த புதிதில் வைத்த முதல் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "பிள்ளே, இதுல உப்பு இருக்கு, புளி இருக்கு, சாம்பாரைத்தான் காணல," என்றாள். அந்த வீட்டில் என்னை முதலில் சிரிக்க வைத்தவள் அவள்தான். கன்னிக்குப் படைக்கிற நாளில் என் மாமியார், அத்தை, பக்தியோடு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் காதருகே வந்து, "எனக்கும் ஒரு பெட்டி சொல்லி வச்சிரு பிள்ளே. செவப்புச் சேலை வேண்டாம், பச்சை," என்பாள்.

ஊரில் அப்போது ஆணும் பெண்ணும் விடியும் முன்னே ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோதான் போவார்கள். மைனியால் அது முடியாது. சாம்பல் போட்ட மண்சட்டி ஒன்று அவளுக்கென்று அங்கணத்து மூலையில் இருக்கும். அத்தைதான் அதை மூடி எடுத்துக்கொண்டு, அடுக்களை தாண்டி, அரங்கு வாசல் தாண்டி, தெருவாசல் வழியாக வயற்காட்டுக்குக் கொண்டுபோவாள். திரும்பி வந்து தலைமுழுகி, நடந்த தரையெல்லாம் சாணித்தண்ணீர் தெளித்து மெழுகுவாள். பெற்ற மகளுடையது என்பதால் கன்னி அதைப் பொறுத்துக்கொள்வாளாம். மைனி சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்தவள். அம்மாவுக்குச் சிரமம் குறையட்டும் என்று தண்ணீரைக் குறைத்துக் குறைத்து, நாளெல்லாம் ஒரு மடக்கு, இரண்டு மடக்கோடு நிறுத்தப் பழகியிருந்தாள். வீட்டில் விருந்தாள் வந்துவிட்டால் அதுவும் கிடையாது.

ஒரு நாள் சட்டியோடு போன அத்தை வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிசகிக்கொண்டாள். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். அவர் திருவிதாங்கூர் மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலமும் மதகும் கட்டிய மனிதர், வீட்டில் மட்டும் ஓர் ஆணியை இடம் மாற்றவும் அத்தையின் முகத்தைப் பார்ப்பார். அங்கணத்திலேயே தண்ணீர் கக்கூஸ் ஒன்று கட்டி, பக்கத்தில் செப்டிக் டாங்கும் வைத்துவிடலாம் என்றார். வீட்டுக்குள் கக்கூஸா என்று தெரு முழுக்கச் சிரித்தது. அத்தை மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கட்டுங்க," என்றாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய சம்மதம் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

கொத்தன் வந்து குழி தோண்டி, தொட்டியை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்துக் கட்டினான். தெளிந்த தண்ணீர் வெளியே போய் இறங்க அங்கணத்து ஓரத்திலேயே ஊறல்குழி. தொட்டிக்கு மேலே கல்மூடி. கிணறு வீட்டுக்கு முன்னால் இருந்தது நல்லதாயிற்று. கக்கூஸ் பீங்கான் திருவனந்தபுரத்திலிருந்து வைக்கோல் சுற்றி வந்தது. ஆசாரி கதவு செய்தபோது மாமா ஒன்று சொன்னார். தாழ்ப்பாளை முழங்கால் உயரத்தில் வைக்கச் சொன்னார், மைனியின் கைக்கு எட்ட வேண்டுமே. அந்த மனிதர் வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களில் அந்தத் தாழ்ப்பாளை நான் முதலில் வைப்பேன்.

மைனி தன் கையால் ஒரு கதவைச் சாத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதுவரை அவள் குளித்ததும் துணி மாற்றியதும் யாராவது பார்க்கத்தான் நடந்தன. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் நெடுநேரம் வரமாட்டாள். அத்தை பயந்து கதவைத் தட்டுவாள். "சாகலம்மா, சும்மா இருக்கேன்," என்று பதில் வரும். பிறகு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். செம்பு செம்பாகக் குடிப்பாள். சாப்பாட்டுக்கு நடுவே, வெயிலில், எதுவும் இல்லாதபோதும். அவள் கன்னத்தில் அப்போதுதான் ஒரு பளபளப்பைப் பார்த்தேன். நாலைந்து வருஷம் நன்றாகத்தான் போயிற்று, அல்லது போவது போல் இருந்தது.

தொட்டியை எப்படிப் பேண வேண்டும் என்று மாமா முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். பினாயில் ஊற்றக்கூடாது, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கூடாது, சாம்பலும் மண்ணும் உள்ளே போகக்கூடாது, குளித்த தண்ணீரை அதில் திருப்பக் கூடாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து அடியில் தங்கிய கசடை அள்ள வேண்டும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் இருந்துகொண்டு அழுக்கைத் தின்று கரைக்கும், அவற்றைக் கொன்றுவிட்டால் தொட்டி வெறும் குழிதான் என்றார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள புழு வளக்கச் சொல்லுதாரு," என்று என்னிடம் சொன்னாள். "கன்னி இருக்க வீடாக்கும் இது."

அடுத்த நாளே கடையிலிருந்து பினாயில் வந்தது. ஒளித்தொன்றும் ஊற்றவில்லை, எல்லோர் கண்முன்னாலும் ஊற்றினாள். மைனி ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் பினாயில், அதன் மேல் சாம்பல் தூவித் தேய்ப்பு, அதன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர். செவ்வாய் வெள்ளியில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றுவாள். கன்னிக்குப் படைக்கும் நாளுக்கு முன்தினம் ஒரு தகரம் பிளீச்சிங் பவுடர் முழுசாக உள்ளே போகும். மாமா பட்டாசாலையில் உட்கார்ந்து அந்த நெடியை முகர்ந்தபடி, "ஊத்தாத, ஊத்தாத," என்று தூணுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் ஒருநாள் பாட்டிலைப் பிடுங்கி வைத்தேன். அத்தை என்னைத் திட்டவில்லை. வேறொரு பாட்டிலை எடுத்தாள். சுத்தம் என்று அவள் நினைத்ததை அவ்வளவு அன்போடு செய்தாள். யாரை என்ன சொல்ல?

மூன்றாம் வருஷம் மூடியைத் திறக்க வேண்டும் என்று மாமா நினைவூட்டினார். யார் அள்ளுவது என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. கட்டும்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது, யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். கொத்தன் அரங்கு வாசலைக் கடக்கலாம். ஆசாரி கடக்கலாம். கசடு அள்ளுகிற வேலையை எந்தச் சாதியின் தலையில் கட்டி வைத்திருந்தார்களோ அந்தச் சாதி மனிதன் கடக்க முடியாது. வெறுங்கையோடு வந்தாலே முடியாது, வாளியோடு போவதைக் கேட்க வேண்டாம்.

மாமா தம்பியிடம் போனார். பிரிந்த பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதித்தது அன்றுதான். அடைத்த வாசலை ஒரே ஒரு நாள் திறந்தால் போதும், களத்தின் ஓரமாக ஆள் போய்விடுவான், பிறகு நானே கட்டித் தருகிறேன் என்று கேட்டார். தம்பி மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"அண்ணாச்சி, வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. நெல்லடிக்க களமில்லா. லெச்சுமி இருக்க எடத்துல நரகலைச் சுமந்துட்டுப் போவச் சொல்லுதியளே."

இந்தப் பக்கம் கன்னி, அந்தப் பக்கம் லட்சுமி. நடுவில் மைனி உட்கார்ந்திருந்தாள். மாமா திரும்பி வந்து ஒரு கை பார்ப்பார் என்று நினைத்தேன், பேப்பரை விரித்துக்கொண்டார். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றார். போயிற்று. அதற்கடுத்த வருஷமும் போயிற்று.

ஐப்பசி மழை ஊற்றிய ஒரு வாரத்தில் பீங்கானில் தண்ணீர் இறங்காமல் நின்றது. பிறகு ஏறியது. ஊறல்குழி இருந்த இடத்தில் கறுப்பாக நீர் கொப்பளித்து அங்கணம் முழுக்கப் பரவி, அடுக்களைப் படி வரை வந்தது. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நானும் அவளும் சேர்ந்து இறைத்துக் கொட்டினோம். மைனி அடுக்களைச் சுவரோரமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து ஒரு கேலி கூட வரவில்லை.

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா வேலையில் இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். வந்து பார்த்தவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் நாகர்கோவில் போய், முனிசிபாலிட்டியில் வேலை செய்கிற ஒருவரைக் கையோடு கூட்டி வந்தார். காலை வெயில் ஏறியிருந்தது. அந்த மனிதர் இரண்டு வாளியும் நீளக் காம்புள்ள ஒரு கரண்டியுமாகத் தெருவில், எங்கள் வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றார். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது.

அத்தை எழுந்து வந்து வாசற்படியில், குறுக்காக, உட்கார்ந்துவிட்டாள். பிசகிய இடுப்போடு அப்படி உட்காருவது அவளுக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும்.

"அரங்குக்கு முன்னால திரை கட்டிருவோம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

"திரை கட்டினா கன்னிக்கு மூக்கு அடைஞ்சிருமா?"

"உம் பிள்ளைக்காகத்தானம்மா."

"எம் பிள்ளைக்கு நான் சுமந்திருக்கேன். இனியும் சுமப்பேன். எம் மேல நடந்து போவச் சொல்லு அவனை."

மாமா பட்டாசாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை எழுந்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தெருவில் நின்றவர், "சீக்கிரம் சொல்லுங்க அம்மா, ஆகுமா ஆகாதா? எனக்கு இன்னும் ரெண்டு எடம் போகணும்," என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இந்த மாதிரி வாசல்கள் அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

அப்போது உள்ளேயிருந்து மைனியின் குரல் வந்தது. அவள் கையை ஊன்றி அரங்கு வாசல் வரை நகர்ந்து வந்திருந்தாள்.

"விடுங்க. அவரைப் போவச் சொல்லுங்க. எனக்கு அது வேண்டாம். சட்டியே போதும்."

"நீ சும்மா இரு," என்று என் வீட்டுக்காரர் அதட்டினார்.

"அம்மா இடுப்பு வலிக்க உக்காந்திருக்கால்லா. எழுப்பி விடுங்க முதல்ல."

அதோடு முடிந்தது. அந்த மனிதர் வாளிகளை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் நின்ற இடத்தில் எதிர்வீட்டுக்காரி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று உலை வைக்கவில்லை. மைனிதான் நகர்ந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கென்று ஒரு நாள் எல்லோரும் வாசலில் மோதிக்கொண்டார்கள், அன்றைக்கும் அவள் அம்மாவின் இடுப்பைத்தான் பார்த்தாள்.

மாமா அடுத்த வாரம் பீங்கானில் கல்லைப் போட்டுச் சிமெண்டால் பூசி அடைத்தார். தொட்டியின் மூடியையும் பூசினார். பிறகு அந்தச் சின்ன அறையில் வறட்டியும் விறகும் அடுக்கினோம். முழங்கால் உயரத்துத் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

சட்டி திரும்பி வந்தது. அத்தையால் குனிய முடியாததால் நான் எடுத்துப் போனேன். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை, என் பிள்ளைக்குச் செய்ததைத்தான் அவளுக்கும் செய்தேன். மைனிக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா சுமந்தபோது கண்ணை மூடிக்கொண்டவள் நான் சுமப்பதைப் பார்க்கமாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். மறுபடியும் தண்ணீர் நின்றது. நான் செம்பை நீட்டினால், "வச்சிட்டுப் போ பிள்ளே, பெறவு குடிக்கேன்," என்பாள். திரும்பி வந்து பார்த்தால் செம்பு அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்துத் துளசிச் செடி நனைந்திருக்கும். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். கேலி பேசிச் சமாளித்தாள். கடைசியில் கேலியும் குறைந்துவிட்டது.

பிறகு நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல், முகத்தில் வீக்கம். வில்வண்டியில் படுக்க வைத்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நன்றாகக் கவனித்தார்கள். படுக்கைக்கே கலம் கொண்டுவந்து வைத்து, முகம் மாறாமல் எடுத்துக்கொண்டு போன நர்சைப் பார்த்து மைனி அழுதாள். அந்த நாட்களில் மட்டும் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்தாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "மருந்தை விட இவங்களுக்குத் தண்ணிதான் முக்கியம். குடிக்காம விட்டா தாங்காது," என்றார். சரி என்று தலையாட்டினேன். எங்கள் அங்கணத்தையும் அரங்கையும் களத்தையும் அவருக்கு எப்படி விளக்குவது?

வீட்டுக்கு வந்து மறுபடி செம்பு நிறைந்தே இருந்தது. இரண்டாவது முறை வண்டி கட்ட நேரமில்லை. என் மடியில்தான் போனாள். உதடு வெடித்திருந்தது, நனைத்துவிட்டேன். கல்யாணமாகாதவள் என்பதால் சடங்கெல்லாம் அதற்குத் தக்கபடி நடந்தது.

மறு வருஷம் எங்கள் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஊரெல்லாம் வெடி, கொடி, மிட்டாய். ஒரு ராஜ்யம் முழுசாக எல்லை மாறிவிட்டது, எங்கள் வீட்டில் ஒரு மனிதர் வாசலிலிருந்து அங்கணத்துக்குப் போக முடியவில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் மிட்டாயைத் தின்றேன். அந்த நாட்களை ஒட்டித்தான் கன்னிக்குப் படைப்பும் வந்தது. அரங்கில் இந்தத் தடவை இரண்டு ஓலைப்பெட்டிகள். புதுப்பெட்டியில் வைக்க அத்தை சிவப்புச் சேலை எடுத்திருந்தாள். நான் என் துணிப்பெட்டியைத் திறந்து, இன்னும் கட்டாத ஒரு பச்சைச் சேலையை எடுத்து மாற்றி வைத்தேன். அத்தை பார்த்தாள், தடுக்கவில்லை.

மாமாவுக்கு அப்போது முழங்கால் போய்விட்டது. ஆற்றங்கரைக்குத் தடியூன்றிப் போய் இரண்டு முறை விழுந்திருந்தார். படைப்புக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகப் பேச்செடுத்தார். "அப்பாவுக்காவது அந்தத் தொட்டியை உடைச்சுத் திறந்து அள்ளிக் குடுக்கச் சொல்லுவோமா அம்மா? காலம் மாறிப்போச்சுல்லா."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, இது கூடவா தெரியாது என்ற ஆச்சரியம்தான் இருந்தது.

"அரங்குல எம்மவ இருக்கா. அவ முன்னாலயா கொண்டுபோவ?"

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து முதுகைத் திருப்பிக்கொண்டு படைப்பைத் தொடர்ந்தாள். சோறு வைத்தாள், பொரியல் வைத்தாள், பாயசம் வைத்தாள். கடைசியாக மைனி குடித்துவந்த பித்தளைச் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். விளிம்பைத் தொட்டு வழிந்த பிறகும் ஊற்றினாள். பச்சைச் சேலையின் கரை நனைந்தது.

"குடி மக்ளே," என்றாள். "இனி யாருக்கும் கூச்சப்படாண்டாம். வயிறு நெறையக் குடி."